எட்டுத் தொட்டி வெந்நீர்

குதிகால் இரண்டிலும் ஆணி இறக்கிய மாதிரி வலி. பேருந்திலிருந்து இறங்கும்போது வெர்லீன் கைப்பிடியை விடாமல் முதலில் முன்பாதத்தை ஊன்றினாள். பிறகு மெல்ல மெல்லக் குதிகாலைத் தரைக்குக் கொடுத்தாள். முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பதினாறு மணி நேரம் நின்றிருந்தாள். பதினோரு பேரைத் தூக்கி, புரட்டி, துடைத்து, படுக்க வைத்தாயிற்று. கடைசியாகத் தூக்கிய கிழவர் இரண்டு ஆள் கனம். தூக்கும்போது அவர் அவள் காதில் தன் செத்துப்போன பெண்டாட்டியின் பெயரைச் சொன்னார். அதற்கும் சேர்த்து அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

டெட்ராய்ட்டில் ஏப்ரல் மாதத்தை நம்ப முடியாது. நேற்று வெயில் அடித்தது. இன்று மேக் அவென்யூவில் பழைய பனி கறுத்துப்போய்க் குப்பை மாதிரி ஓரமாகக் கிடந்தது. குளிர்காலம் முழுக்கக் கொட்டிய உப்பு சாலையில் வெள்ளை பூத்திருந்தது. நான்கு வீடு தாண்டினால் அவள் வீடு. நடுவில் இரண்டு வீடு எரிந்து போனவை, ஒன்று பலகை அடித்தது. கதவைத் திறக்கும் முன்பே காலர்ட் கீரையும் புகைபோட்ட வான்கோழிக் கழுத்தும் வேகிற வாசனை வந்தது. அதோடு கற்பூரத் தைல நெடி.

சமையலறையில் ஆறு பேர் ஆறு பிளாஸ்டிக் தொட்டிகளில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெந்நீரில் கால்வலிக்குப் போடுகிற எப்சம் உப்பு. ஆவியில் ஜன்னல் கண்ணாடி வியர்த்திருந்தது.

“வாடி வா,” என்றாள் ஓர்லீதா. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பது பேருக்குக் கேட்கிற குரலில்தான் எப்போதும் பேசுவாள். “கால் வீங்கினவங்க சங்கத்துத் தலைவி இப்பத்தான் வர்றா. ஏறினது என் வண்டியா இருந்திருந்தா பத்து நிமிஷம் முன்னாடியே கொண்டாந்து விட்டிருப்பேன்.”

“உன் வண்டியில ஏறினா ஆஸ்பத்திரியிலதான் இறங்கணும்.”

“அங்கயும் ஸ்டாப் இருக்குடி.”

டெமெட்ரியஸ் சிரித்ததில் அவன் தொட்டித் தண்ணீர் தளும்பியது. அவன் முடிதிருத்துகிற கடையில் நாள் முழுக்க நிற்கிறவன், சாயங்காலம் ஆடுகிறவன். “தலைவி அம்மா, செருப்பைக் கழட்டுங்க. ஏழாவது தொட்டி காத்துக்கிட்டிருக்கு.”

“அப்புறம். முதல்ல உங்க தண்ணி ஆறிடுச்சா பார்க்கிறேன்,” என்று வெர்லீன் கெட்டிலை எடுத்தாள்.

“போன வாரமும் அப்புறம். அதுக்கு முந்தின வாரமும் அப்புறம்,” என்றாள் ஓர்லீதா. “உன் கால் என்ன, கடையில வாங்கின காலா?”

வெர்லீன் அவள் தொட்டியில் வெந்நீரை ஊற்றினாள். ஓர்லீதா “ஆவ்” என்று முழங்காலைத் தூக்கிக்கொண்டாள்.

பிப்ரவரியில் ரோனெல் விழுந்த பிறகுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம் தொடங்கியது. எட்டுப் பேரும் ஒரே நடனக் குழு. குழுவுக்குச் சொந்தக்காரர் ஹாஸ்கல் கெய்தர். எட்டுப் பேருக்கும் வேறு வேலை உண்டு. ஒருத்தருக்கும் விழுந்தால் பார்க்க நாதி இல்லை. அதனால் தங்கள் காலைத் தாங்களே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். சாப்பாடு, தைலம், வெந்நீர். ஒரே ஒரு விதி: கால் தண்ணீரில் இருக்கும்போது பொய் சொல்லக் கூடாது. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, யாரால். இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் டெமெட்ரியஸ் அழுதான். விரலில் விரிசல் விட்ட எலும்போடு ஒரு வருஷம் ஆடியதாகவும், சொன்னால் ஹாஸ்கல் தன் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று பயந்ததாகவும் சொன்னான். மூன்றாவது வாரம் ஒருவரும் அழவில்லை. எல்லாருடைய மூன்றாவது பதிலும் ஒரே பெயராக இருந்தது.

அந்த எட்டு வாரத்தில் வெர்லீன் ஒரு தடவைகூடத் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

முன்னறையில் சோபாவையே கட்டிலாக்கி ரோனெல் படுத்திருந்தாள். இடது முழங்காலுக்கு இரும்புப் பட்டி. மாடிப்படி ஏற முடியாது. இருபத்து நாலு வயது. அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது. அன்றிலிருந்து வெர்லீன்தான் சோறு போட்டது, தலை பின்னியது, நடன வகுப்பு வாசலில் மழையில் நின்றது.

“அக்கா, கீரையில மிளகாய்ச் சாறு விட்டியா?”

“நீ விட்டுக்க.”

“எழுந்து வந்தா விட்டுக்குவேன். எழுந்துதான் வர முடியல.”

வெர்லீன் தட்டை எடுத்துப் போனாள். சோளரொட்டியைப் பிட்டுக் கீரைச் சாற்றில் தோய்த்து வைத்தாள். சிவப்புப் புட்டியைத் தானே சாய்த்தாள். ரோனெல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம்,” என்றாள். “இன்னும். போதும்.”

பிப்ரவரி விஷயம் ஊருக்கே தெரியும். பணக்காரர்களுக்கு ஒரு விருந்து. விருந்து மண்டபத்தில் சிமெண்டுத் தரைமேல் பளபளவென்று ஓடு. குழுவுக்கென்று ஆட்டத் தரை உண்டு. ரப்பர் பாய், ஆறு சுருள். அது கிடங்கில் கிடந்தது. கொண்டுவர வண்டி பேச வேண்டும், நாலு ஆள் தூக்க வேண்டும். ஹாஸ்கல் பேசவில்லை. “கோலா வாங்கித் தரையைத் துடைங்க. எங்க காலத்துல அப்படித்தான் ஆடினோம்,” என்றார். அது பொய்யில்லை. வழுக்குகிற தரையில் கோலாவைத் தண்ணீர் கலந்து துடைத்தால், அதில் இருக்கிற சர்க்கரை காய்ந்து பிசுபிசுக்கும். கால் பிடித்து நிற்கும். ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கைவேலை. துடைத்து முடித்து அது காய்வதற்குள் “நேரமாச்சு, நேரமாச்சு” என்று கை தட்டினார். நாலாவது எண்ணிக்கையில் ரோனெல் தாவினாள். இறங்கின இடது கால் நிற்கவில்லை. ஈரத் துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். முன்வரிசையில் ஒரு பெண்மணி முள்கரண்டியை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் பிடித்தபடி இருந்தாள்.

அதோடு விட்டிருந்தால்கூடச் சரி. மறுவாரம் ஹாஸ்கல் குழுவின் நிர்வாகிகளுக்குக் கடிதம் எழுதினார். “உடம்பைப் பேணாமல், எடை கூடி, தயாராகாமல் மேடை ஏறினாள்” என்று. ரோனெல்லின் பெயரை எடுத்துவிட்டார். அறுவை சிகிச்சைக்குக் கையை விரித்துவிட்டார். சிகாகோவில் ஒரு குழு அவளை எடுத்துக்கொள்ள இருந்தது. அவர்களுக்கும் ஒரு போன்.

அந்தக் கடிதத்தின் நகல் சமையலறைச் சுவரில் குத்தியிருந்தது. பக்கத்தில் ஓர்லீதா எழுதிய அட்டை: ஆட்டத்துக்குத் தரை. விழுந்தவர்களுக்குச் சம்பளம். கடிதத்தைத் திரும்ப வாங்கணும், எல்லார் முன்னாலும்.

“சனிக்கிழமை மூணு மணி ஆட்டம்,” என்றாள் ஓர்லீதா, தொட்டிக்குள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டே. “குழுவோட இருபதாம் வருஷ விழா. நிர்வாகிங்க எல்லாம் முன்வரிசை. திரை தூக்குது. பாட்டு ஆரம்பிக்குது. நாம நாற்காலியில. கால் தொட்டியில. இருபத்திரெண்டு நிமிஷப் பாட்டு. ஒரு விரல் ஆடக் கூடாது.”

“விரல் ஆடலாம்,” என்றான் டெமெட்ரியஸ். “சூடு தாங்கலைன்னா?”

“விரல் ஆடலாம். கால் ஆடக் கூடாது.”

“அவரு மூஞ்சியைப் பார்க்கணும்,” என்றாள் வெர்லீன். சொன்ன வேகத்தில் கெட்டில் மூடி எகிறியது. “அவரு இருபது வருஷம் கட்டினது கண்ணெதிர்ல சரியணும். அவரு ஓடி வந்து கெஞ்சணும். கெஞ்சினாலும் நான் விடப்போறதில்ல. என் தங்கச்சி தவழ்ந்து கக்கூசுக்குப் போனா. அவரும் தவழணும்.”

எல்லாருக்கும் கோபம்தான். ஆனால் வெர்லீனுடைய கோபம் எட்டு வாரமாக ஒரு நாள்கூட ஆறவில்லை என்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

அது ஏன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று கோலா வாங்கி வந்தது அவள். இரட்டை ஷிப்டு முடித்து, கடையில் நுழைந்து, நாலு பாட்டில் எடுத்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி; ஒன்பது வருஷமாக வெள்ளி லேபிள் போட்ட சர்க்கரையில்லாக் கோலாதான் வீட்டுக்கு வாங்குகிறாள். கை தானாக அங்கே போய்விட்டது. மண்டபத்தில் துடைத்ததும் அவள்தான். காலால் தேய்த்துப் பார்த்தபோது பிடிப்பு இல்லை. இன்னும் காயவில்லை என்று நினைத்தாள். ரோனெல் விழுந்த மூன்றாம் நாள், பையில் மிச்சம் கிடந்த அரைப் பாட்டிலை எடுத்து, தாகத்துக்கு வாயில் சாய்த்தாள். பாதி இறங்கிய பிறகுதான் நாக்கு சொன்னது. இது அவள் குடிக்கிற கோலா. சர்க்கரை கிடையாது. தரையில் காய்ந்தாலும் கால் பிடிக்காது. பாட்டிலை நசுக்கி, பக்கத்து எரிந்த வீட்டுக் கொல்லையில் பனிக்கு அடியில் புதைத்தாள்.

அன்றைக்கு ராத்திரிதான் ஹாஸ்கல் பெயரைச் சொல்லி முதல் தடவை சுவரில் குத்துவிட்டாள். தன் மேல் விழ வேண்டிய குத்தும் சேர்ந்து அந்தச் சுவரில்தான் விழுந்தது.

புதன்கிழமை மதியம் முதியோர் இல்லத்தின் பின்புறம், சிகரெட் பிடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து வெர்லீன் வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்கல் கெய்தர் நடந்து வந்தார். அறுபத்தெட்டு வயது. இரண்டு இடுப்பும் உலோகம். அப்படியும் நடை ராஜ நடை. ஒட்டக நிறக் கோட்டு, பாலிஷ் போட்ட காலணி. இதே கிழக்குப் பக்கத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா கார் ஆலையின் வார்ப்படக் கூடத்தில் நுரையீரல் கருகிச் செத்தவர்.

“உட்காரலாமா?”

“உங்க பெஞ்சு இல்ல, என் பெஞ்சும் இல்ல. உட்காருங்க மிஸ்டர் ஹாஸ்கல்.”

உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு முனகலை விழுங்கிக்கொண்டு. “சனிக்கிழமை என்னமோ செய்யப் போறீங்களாமே. கட்டடத்துச் சாவி வச்சிருக்கிற கிழவன் சொன்னான். தொட்டி, நாற்காலி, காபி டிரம்மு.”

“வந்து பாருங்க. டிக்கெட் உங்களுக்கு இலவசம்.”

“பொண்ணே, நான் வெறும் சிமெண்டுல பதினெட்டு வருஷம் ஆடினவன். கறுப்பனுக்கு மேடை தர மாட்டேன்னான். நான் வண்டி நிறுத்துற இடத்துல ஆடினேன். சர்ச் அடித்தளத்துல ஆடினேன். எனக்கு யார் பாய் விரிச்சா?”

“யாரும் விரிக்கல. அதனால நீங்களும் விரிக்க மாட்டீங்க. புரியுது.”

அவர் சிரித்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்துப் பெஞ்சின் மேல் நிற்க வைத்தார். வெள்ளி லேபிள்.

வெர்லீன் கையில் முட்டை இருந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“அன்னைக்குக் குப்பையை நான்தான் அள்ளினேன். மண்டபக்காரன் கறாரு. இது மாதிரி மூணு. நாலாவதைக் காணோம்,” என்றார் ஹாஸ்கல். “நான் யார்கிட்டயும் சொல்லல. எட்டு வாரமா ஊர் முழுக்க என் பேரு நாறுது. அப்பவும் சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“ஒரே தடவைதான் சொல்ல முடியும். அதான்.” எழுந்தார். எழ இரண்டு முயற்சி ஆனது. “சனிக்கிழமை ஆடுங்க. ஆட்டம் முடிஞ்சதும் இதைத் தூக்கி எறிஞ்சுடுறேன். ஒத்திகை பார்க்கிற பொறுப்பையும் உனக்கே தர்றேன். உன் தங்கச்சி உன்னைத் தாயின்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நினைச்சுக்கிட்டே இருக்கட்டும்.”

பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வெர்லீன் முட்டையை மென்றாள். உப்பு இல்லை, ருசி இல்லை. அடித்துக் கொல்லணும் என்றுதான் தோன்றியது. அந்த ராஜ நடையின் இடுப்பில் ஒரு உதை. யாரை உதைக்கத் தோன்றுகிறது என்று இன்னொரு தடவை யோசித்துப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. உள்ளே மணி அடித்தது. போய் மூன்றாம் அறைக் கிழவரைப் புரட்டிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ரோனெல்லின் பட்டியைக் கழற்றி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். தொடை சூம்பிப் போயிருந்தது. ஒரு காலத்தில் அந்தத் தொடையில் கை வைத்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும்.

“ரோ.”

“ம்.”

“அன்னைக்கு மண்டபத்துல...”

“எத்தனை தடவைக்கா அதையே பேசுவ?”

“இல்ல, நான் ஒண்ணு சொல்லணும்.”

ரோனெல் தலையைத் தூக்கினாள். டெலிவிஷன் சத்தத்தைக் குறைத்தாள். கண் கொட்டாமல் பார்த்தாள். “சொல்லு.”

வெர்லீன் முழங்காலைப் பார்த்தாள். தையல் போட வழியில்லாமல், உள்ளே கிழிந்தது கிழிந்தபடியே இருக்க, மேலே ஒரு கீறல்கூட இல்லாத முழங்கால்.

“நாளைக்குக் குளிரா இருக்கும். ரெண்டு சாக்ஸ் போட்டுக்க,” என்றாள்.

ரோனெல் சத்தத்தைக் கூட்டினாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, குழு ஆடுகிற பழைய சர்ச்சுக் கட்டடம் நிறைந்திருந்தது. தொப்பி வைத்த பெண்கள், முன்வரிசையில் நிர்வாகிகள், பால்கனியில் ஓர்லீதாவின் பணிமனை ஆட்கள் இருபது பேர். காபி கொதிக்க வைக்கிற இரண்டு பெரிய டிரம்களில் வெந்நீரைத் தயாராக வைத்திருந்தாள் வெர்லீன். அவள் டிரம் மூடியைத் திறந்து திறந்து மூடுவதை டெமெட்ரியஸ் பார்த்தான்.

“பயமா மகாராணி?”

“பசி.”

“பொய். நல்லவேளை, கால் தண்ணியில இல்ல.”

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியை நிரப்பினாள்.

திரை ஏறியது. எட்டு நாற்காலி, எட்டுத் தொட்டி. மேளம் முழங்கியது. ஆறு பேர் வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தார்கள். ரோனெல் ஊன்றுகோலோடு வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் தட் தட் என்று மேடை சொன்னது. உட்கார்ந்து, பட்டியைக் கழற்றி, காலைக் கையால் தூக்கித் தொட்டியில் வைத்தாள். வெர்லீன் வாளியோடு ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டே போனாள். ஆவி விளக்கு வெளிச்சத்தில் எழுந்தது. கூட்டம் இதைப் புது மாதிரி நடனம் என்று நினைத்துக் கைதட்டியது. ஒரு கனவான் “அற்புதம்” என்றுகூடச் சொன்னார்.

ஐந்து நிமிஷம் ஆகியும் யாரும் எழவில்லை. கைதட்டல் நின்றது. நாற்காலிகள் முனகின.

ஓர்லீதா மைக்கை எடுத்தாள். “என் வலது கணுக்கால். மூணு வருஷமா. மிஸ்டர் ஹாஸ்கல் கெய்தர், சிமெண்டுத் தரை.” பக்கத்தில் கொடுத்தாள்.

“என் இடது கால் நடுவிரல். ஒரு வருஷம் உடைஞ்ச எலும்போட ஆடினேன். ஹாஸ்கல் கெய்தர்.”

“என் முதுகு. அஞ்சு வருஷம்...”

“சொல்லும்மா!” என்றாள் பால்கனியில் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்வது போல. “சொல்லு, சொல்லு!” என்று இன்னும் நாலு குரல். முன்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். இன்னொருவர் அவர் பின்னால் போனார். வெர்லீன் மேடை ஓரத்தைப் பார்த்தாள். திரைக்குப் பக்கத்தில் ஹாஸ்கல் நின்றிருந்தார். எட்டு வாரமாக அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். சாம்பல் நிறம், தொங்கிப்போன வாய். ஒரு வினாடி அவளுக்கு உள்ளங்கால் வரை இனித்தது.

ரோனெல் பேசினாள். “என் இடது முழங்கால். பிப்ரவரியிலிருந்து. ஹாஸ்கல் கெய்தர் தரை கொண்டு வரல. அப்புறம் நான் குண்டுன்னு கடுதாசி எழுதினாரு.” மைக்கை அக்காவிடம் நீட்டினாள்.

எட்டாவது தொட்டி காய்ந்து கிடந்தது. எல்லாரும் பார்த்தார்கள். வெர்லீன் வாளியைச் சாய்த்தாள். உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி, இரண்டு குதிகாலையும் தண்ணீரில் இறக்கினாள். சூடு எலும்பு வரை போனது. மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். வாயைத் திறந்தாள்.

“அவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன்,” என்று ஹாஸ்கல் விளக்கு வெளிச்சத்துக்கு வந்தார். கையில் பாட்டில். “தரையைத் துடைச்சது யாரு? கேளுங்க. எதை வச்சுத் துடைச்சா, அதையும் கேளுங்க. சர்க்கரை இல்லாதது! ஆடுற குழந்தைக்குக்கூடத் தெரியும். தங்கச்சியைத் தள்ளிவிட்டது இவ. பழியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறது நான்.”

யாரோ பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஓர்லீதா வெர்லீனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எட்டு வாரத்து “அப்புறம்” எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. டெமெட்ரியஸ் தொட்டித் தண்ணீரையே பார்த்தான்.

ரோனெல் மைக்கைத் திரும்ப வாங்கினாள்.

“தெரியும்,” என்றாள்.

ஹாஸ்கல் திரும்பினார்.

“விழுந்தப்ப ரெண்டு கையையும் ஊன்றினேன். உள்ளங்கை நனைஞ்சுது. வலியில வாயைப் பொத்தினேன். நாக்குல பட்டுச்சு. இனிக்கல. எங்க வீட்டுல ஒன்பது வருஷமா இருக்கிற கோலா எனக்குத் தெரியாதா?” அவள் குரல் ஏறவில்லை. “அக்கா தப்பான பாட்டில் வாங்கினா. ஆமா. பதினாறு மணி நேரம் வேலை செஞ்ச கை. ஆறு சுருள் தரையைக் கிடங்குல போட்டுட்டு, நாலு பாட்டில் கோலாவை நம்பி என்னைத் தாவச் சொன்னது யார் வாய்? காயறதுக்குள்ள கை தட்டினது யார் கை? இந்தப் பாட்டிலை எட்டு வாரம் பத்திரமா வச்சிருந்தீங்க. என் காலை யாரு பத்திரமா வச்சிருந்தா?”

“ஆமா!” என்று பால்கனி இடித்தது. “சொல்லு!”

ஹாஸ்கல் ஏதோ சொன்னார். மைக் அவரிடம் இல்லை. முன்வரிசையில் ஏழு நாற்காலி காலியாக இருந்தது. அவர் பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மேடையை விட்டு இறங்கினார். போகும்போது ராஜ நடை இல்லை. இரும்பு இடுப்புள்ள ஒரு கிழவன் படி இறங்குகிற மாதிரித்தான் இருந்தது.

வெர்லீனுக்கு அது இனிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. நிர்வாகிகளிடமிருந்து இரண்டு வரிச் செய்தி வந்திருந்தது: குழுவின் எல்லா நிகழ்ச்சிகளும் நிறுத்தம், ஹாஸ்கல் கெய்தர் ஓய்வில், மற்றவை பரிசீலனையில். கடிதத்தைத் திரும்ப வாங்குவது பற்றி ஒரு சொல் இல்லை. தரை பற்றியும் இல்லை. ஓர்லீதா போன் செய்து, “இன்னைக்கு நாங்க வரல. அடுத்த வாரம் பார்ப்போம். கோபம் இல்லைன்னு சொன்னா பொய்யா இருக்கும்,” என்றாள். பிறகு, “அந்த அட்டையைச் சுவத்துலேர்ந்து எடுத்துடாத. சண்டை முடியல,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெர்லீன் இரண்டு தொட்டிகளை முன்னறைக்குக் கொண்டுவந்தாள். ரோனெல்லின் காலை ஒன்றில் வைத்தாள். எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் காலை மற்றொன்றில் வைத்தாள்.

“எட்டு வாரமாத் தெரியும் உனக்கு,” என்றாள்.

“எட்டு வாரமா.”

“ஒரு வார்த்தை சொல்லல.”

“நீ சொல்லுவியான்னு பார்த்தேன். காலையில காபி கொண்டு வரும்போது பார்த்தேன். குளிப்பாட்டும்போது பார்த்தேன். நீ சொல்ல மாட்டே, அதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஓடி ஓடிச் செய்வ. ‘இன்னும் கொஞ்சம் மிளகாய்ச் சாறு’ன்னு கேட்டேன் பாரு, எனக்கு அவ்வளவு காரம் ஆகாது.”

வெர்லீன் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“கஷ்டப்பட்டுத் தின்னேன்,” என்றாள் ரோனெல். சிரிக்கவில்லை. “உன்னை வேலை வாங்கணும்னே தின்னேன்.”

வெளியே யாரோ பழைய பனியை மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். வெயில் வந்திருந்தது. எரிந்த வீட்டுக் கொல்லையில் பனி உருகி, நசுங்கிய பாட்டில் ஒன்றின் வெள்ளி ஓரம் ஜன்னல் வழியே மினுங்கியது. இருவருமே அதைப் பார்த்தார்கள்.

“நேத்து நான் சொல்லத்தான் போனேன், ரோ. வாயைத் திறந்துட்டேன். அதுக்குள்ள அந்த ஆள் வந்துட்டான்.”

“இருக்கலாம். சொல்லியிருப்பியா, வழக்கம் போல வேற எதையாவது சொல்லியிருப்பியா, எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது. அதையும் அவன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.” ரோனெல் தொட்டித் தண்ணீரைக் கையால் அள்ளி முழங்காலில் விட்டாள். “கால் தண்ணியில இருக்கு. உனக்கு எங்க வலிக்குது?”

“குதிகால். ரெண்டும்.”

“எப்பலேர்ந்து?”

“ரொம்ப வருஷமா.”

“யாரால?”

வெர்லீன் யோசித்தாள். முதியோர் இல்லத்தைச் சொல்லலாம், ஹாஸ்கலைச் சொல்லலாம், இரண்டும் பொய்யில்லை. “தெரியல,” என்றாள். பிறகு, “உன் முழங்காலுக்கு என் பேரையும் சேர்த்துச் சொல்லு. நேத்து விட்டுட்ட,” என்றாள்.

“அவன் முன்னாடி சொல்லக் கூடாதுன்னு விட்டேன். மறந்துபோய் விடல.”

“எட்டு வாரம் தூக்கினேன், கழுவினேன், ஊட்டினேன். அதுல ஏதாவது கழியுமா?”

ரோனெல் அவளைப் பார்த்தாள். கோபம் ஆறின முகம் இல்லை அது. ஆனால் அவள் காலை எடுக்கவில்லை.

“அதெல்லாம் வட்டிதான் அக்கா, அசல் அப்படியே இருக்கு,” என்றாள். “ஹாஸ்கல் எங்களுக்கு ஒரு தரை பாக்கி. நீ எனக்கு ஒரு முழங்கால் பாக்கி. தண்ணி ஆறிடுச்சு, போய்க் கெட்டிலை எடுத்துட்டு வா.”